வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கற்பிக்கப் பயண நிதி எங்கே கிடைக்கும்?

கேள்வி: திருநெல்வேலிக்கு அருகில் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் புவியியல் துறை இணைப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு ஓர் இணையவழிக் கருத்தரங்கில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நீர் மேலாண்மை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அறிமுகமானார். எங்கள் பகுதிக் குளங்களையும் அவர்களுடைய நீர் வாரியங்களையும் ஒப்பிட்டு, இரு இடத்து மாணவர்களுக்கும் சேர்த்து ஒரு பாடம் நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். நேரில் சென்று அதற்கு உருக்கொடுக்க இரண்டு இடங்களில் பயண நிதி கேட்டேன். கற்பித்தலுக்கு வழங்குவதில்லை என்ற பதிலோடு இரண்டு விண்ணப்பங்களும் திரும்பிவிட்டன. கல்லூரியிலோ, புரிந்துணர்வு ஒப்பந்தம் போட முதலில் செயலரும் முதல்வரும் சென்றுவரட்டும் என்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் எடுத்து நானே போய்வந்துவிடலாமா? என் கடவுச்சீட்டும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் காலாவதியாகிறது.

பதில்:

பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உறவுகள் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில், உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வருங்கால வைப்பு நிதியைத் தொடாதீர்கள். நீங்கள் செய்ய நினைப்பது ஊர் சுற்றுவதற்கான பயணம் அல்ல. இரண்டு கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தப்போகும் பாடத்தின் முதற்படி. அதன் செலவை நிறுவனங்கள் ஏற்பதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியை ஒருமுறை சொந்தப் பணத்தில் கடந்துவிட்டால், இரண்டாம் முறையும் உங்கள் கையிலிருந்தே செலவாகும் என்று எல்லோரும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படித் தொடங்கிய மூன்று முயற்சிகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மூன்றும் இரண்டாம் ஆண்டைத் தாண்டவில்லை.

உங்கள் விண்ணப்பங்கள் திரும்பியதற்குக் காரணம் உங்கள் தகுதிக் குறைவு அல்ல. நம் நாட்டில் பயண உதவி என்ற பெயரில் இருப்பவை பெரும்பாலும் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கச் செல்வோருக்கும் ஆய்வுக்காகச் செல்வோருக்கும் வகுக்கப்பட்டவை. அங்கே போய் வகுப்பெடுத்துவிட்டு, அவர்களை இங்கே அழைத்து வகுப்பெடுக்க வைக்கிறேன் என்று எழுதினால், அந்தப் படிவத்தில் அதை நிரப்புவதற்குக் கட்டமே இருக்காது. கற்பித்தலுக்கென்றே கட்டமுள்ள திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ். 1987இல் ஐரோப்பிய நாடுகளுக்குள்ளான மாணவர் பரிமாற்றமாகத் தொடங்கிய எராஸ்மஸ், 2015 முதல் இந்தியா உள்ளிட்ட வெளி நாடுகளின் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கடன்மதிப்புப் (கிரெடிட்) பரிமாற்றத்தைத் திறந்துவிட்டது. இப்போதைய திட்டக் காலம் 2021 முதல் 2027 வரை. ஆசிரியர்கள் கற்பிப்பதற்காக இரு திசையிலும் சென்றுவரும் செலவை அது ஏற்கிறது. பயணநாள் நீங்கலாகக் குறைந்தது 5 நாள், மிகுதியாக 60 நாள். வாரத்துக்கு 8 மணி நேரமேனும் வகுப்பெடுத்தாக வேண்டும்.

இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த நிதிக்கு உங்கள் கல்லூரி விண்ணப்பிக்க முடியாது. நீங்களும் தனிப்பட்ட முறையில் விண்ணப்பிக்க முடியாது. உயர்கல்விக்கான எராஸ்மஸ் சாசனம் பெற்ற ஐரோப்பிய நிறுவனம்தான் இந்த நிதியைக் கையாளும் தன் நாட்டு முகமையிடம் விண்ணப்பிக்க வேண்டும்; நெதர்லாந்தில் அந்த முகமை தி ஹேக் நகரில் உள்ள நஃபிக். ஆகவே உங்கள் விண்ணப்பத்தின் உண்மையான வாசகர் பிரஸ்ஸல்சிலோ தி ஹேக்கிலோ இல்லை, உங்கள் நண்பர் பணியாற்றும் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்தில் இருக்கிறார். அந்த அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் உலகின் பல நாடுகளிலிருந்தும் இப்படிப்பட்ட கோரிக்கைகள் வருகின்றன; ஆசியாவுக்கென ஒதுக்கப்பட்ட தொகைக்குள் எந்த நாட்டோடு எத்தனை பேரைப் பரிமாறிக்கொள்ளக் கேட்பது என்று அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். உங்கள் நண்பரிடம் இன்றே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தியாவுடன் ஏற்கெனவே அவர்களுக்குத் திட்டம் ஏதும் நடக்கிறதா? இல்லையென்றால், அடுத்த விண்ணப்பத்தில் இந்தியாவைச் சேர்க்க அவர்கள் அலுவலகத்தின் உள்கெடு எப்போது? ஐரோப்பியக் கெடு வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். உள்கெடு அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முடிந்துவிடும். தீபாவளி கழியட்டும் என்று தள்ளிப்போட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள். இரண்டு ஆசிரியர் இங்கிருந்து அங்கே, இரண்டு ஆசிரியர் அங்கிருந்து இங்கே, இது போதும். பத்து மாணவர், ஆறு ஆசிரியர் என்று பெரிதாகக் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் போனதைவிட, நான்கு பயணம் கேட்டு நான்கையும் பெற்று, அடுத்த விண்ணப்பத்தில் எட்டாக்கியவர்களைத்தான் நான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். இருதிசைக் கோரிக்கை மிக முக்கியம். நாம் மட்டும் போய்வருகிற திட்டத்தில், அங்குள்ள ஆசிரியருக்கு நாம் விருந்தாளியாகவே இருப்போம். அவர் ஒருமுறை உங்கள் வகுப்பறையில் நின்று, உங்கள் மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனால்தான் அந்தப் பாடம் அவருடையதும் ஆகும்.

பணக் கணக்கைப் பார்ப்போம். போக்குவரத்துக்குப் பயணச்சீட்டின் விலையைத் தருவதில்லை; தூரத்துக்கு ஏற்ப ஒரு மொத்தத் தொகை தருகிறார்கள். ஒருவழித் தூரத்தை அளந்து, இருவழிக்குமான தொகையைத் தருவது அவர்கள் முறை. 2024ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி 4000 முதல் 7999 கிலோமீட்டர் வரை 1188 யூரோ. 8000 கிலோமீட்டரும் அதற்கு மேலும் 1735 யூரோ. இப்போது உங்கள் நிலையைப் பாருங்கள். சென்னையிலிருந்து உட்ரெக்டுக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 7,850 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து அளந்தால் 8,000ஐத் தாண்டிவிடுகிறது. புறப்படும் இடம் என்பது அனுப்பும் நிறுவனம் இருக்கும் ஊர் என்பதே விதி. விமானம் ஏறுவது சென்னையில்தானே என்று படிவத்தில் சென்னையை எழுதிவிட்டு 547 யூரோவை இழப்பவர்கள் உண்டு. உங்கள் கல்லூரி இருக்கும் ஊரை எழுதுங்கள். அதுதான் உண்மையும் விதியும். தொகைகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டியை நண்பரிடம் கேட்டுப் பெற்று, அவர்களுடைய தூரக் கணிப்பானில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தங்கும் செலவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று, செல்லும் நாட்டைப் பொறுத்து ஒரு தொகை உண்டு. முதல் 14 நாள் முழுத் தொகை, 15ஆம் நாளிலிருந்து அதில் 70 விழுக்காடு. பெரும்பாலான இடங்களில் ஒரு பகுதியை முன்பணமாகத் தந்துவிட்டு மீதியைப் பின்னர் தருவார்கள் என்பதால், பயணச்சீட்டு எப்போது, யார் வாங்குவது என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று: பங்கேற்பாளர் ஒருவருக்கு 500 யூரோ வீதம் ஒழுங்கமைப்புச் செலவாக விண்ணப்பித்த நிறுவனத்துக்கு வருகிறது. அதை இரு நிறுவனமும் எப்படிப் பகிர்வது என்பது நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். கேட்டால் கிடைக்கும், கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறோம். அவர்களுடைய ஆசிரியரை வரவேற்று, வாகனம் வைத்துக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லும் செலவு உங்கள் துறையின் தலையில் விழும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான தாளுக்கு வருகிறேன். கற்பித்தலுக்கான பயண உடன்பாடு என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் நீங்களும், அனுப்பும் நிறுவனமும், வரவேற்கும் நிறுவனமும் கையெழுத்திட வேண்டும். பயணத்தின் நோக்கம், அதனால் கூடுதலாகக் கிடைப்பது என்ன, கற்பிக்கப்போகும் பாடத்தின் உள்ளடக்கம், எதிர்பார்க்கும் பயன் என்று நான்கு கட்டங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை மாணவர், எந்த மொழி என்பதும் அதிலேயே வரும். நிதி கிடைத்த பிறகு நிரப்பவேண்டிய படிவம் இது. ஆனால் நான் எப்போதும் சொல்வது, நிதி கேட்பதற்கு முன்பே இதை நிரப்பிவிடுங்கள் என்பதுதான். இது நிறைந்திருந்தால், நிதி கேட்டு எழுதும் கடிதத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

நம் ஆசிரியர்கள் பலர் நோக்கம் என்ற கட்டத்தில் "இரு நாட்டுக் கல்வி உறவை வலுப்படுத்துதல்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும் அலுவலருக்கு அதில் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை. உங்கள் பாடத்தில் பிடிமானம் ஏராளமாக இருக்கிறது. நெதர்லாந்தில் இன்று 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன. அவற்றில் ரைன்லாந்து வாரியத்தின் வரலாறு 1255ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போகிறது. தாழ்நிலத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை வாரியம் முறைப்படி தீர்மானிக்கிறது. அதற்கான வரியைத் தானே வசூலிக்கிறது. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. உங்கள் பக்கம் தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் வழியே நிரம்பும் குளங்கள், அவற்றின் மடைகள், மிகுந்த நீர் வழிந்தோடும் மறுகால், மடை திறந்து வயல்வயலாகத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி, தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமைந்த பாசன விவசாயிகள் சங்கம். அங்கே மிகுந்த தண்ணீரை வெளியேற்றும் கவலை; இங்கே குறைந்த தண்ணீரைப் பங்கிடும் கவலை. ஆனாலும் இரண்டு இடத்திலும் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தண்ணீரின் மட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

இந்தக் கேள்வியை அப்படியே உள்ளடக்கக் கட்டத்தில் எழுதுங்கள். பிறகு மணி நேரத்தைப் பிரியுங்கள். இரண்டு வாரம் தங்கினால் 16 மணி நேரம் வகுப்பு: குளப்பாசன அமைப்பு 4 மணி, மடை திறக்கும் முறையும் பங்கீடும் 4 மணி, இரு இடத்துச் சட்டங்கள் 3 மணி, மாணவர் இரண்டு குளங்களின் வரைபடத்தை வைத்துச் செய்யும் பயிற்சி 5 மணி. பயன் என்ற கட்டத்தில் எண்ணிப் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக, திரும்பிய அடுத்த பருவத்தில் உங்கள் கல்லூரியில் 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் பாடமாக இது அறிமுகமாகும் என்று எழுதலாம். உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி. பாடத்திட்டக் குழுவில் வைத்துத் தீர்மானமாக்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த மற்றக் கல்லூரிகளுக்கு இல்லாத வசதி இது. பாடத்திட்டக் குழுவின் தீர்மான நகல் ஒன்றை இணைத்து அனுப்பினால், பத்துப் பாராட்டுக் கடிதங்களைவிட அது பேசும்.

கால அட்டவணை உங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. நம் இரட்டைப் பருவம் (ஈவன் செமஸ்டர்) ஏப்ரலில் முடிந்து, விடைத்தாள் திருத்தும் பணியும் முடிந்தபின் வரும் மே பிற்பகுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நெதர்லாந்தில் வகுப்புகள் முழுவீச்சில் நடந்துகொண்டிருக்கும். அவர்களுடைய கல்வியாண்டு ஜூலைத் தொடக்கத்தில்தான் முடிகிறது. நீங்கள் செல்வது கோடை விடுமுறையில் என்பதால், உங்கள் வகுப்புகளை யார் எடுப்பது என்ற பேச்சும் எழாது. அவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. அப்போது நம் ஒற்றைப் பருவம் நடக்கிறது. அந்த மாதங்களில் வந்தால் கார் நெல்லுக்குக் கால்வாயில் தண்ணீர் ஓடுவதையும், மழையை நம்பிய குளங்கள் வறண்டு கிடப்பதையும் ஒரே நாளில் காட்டிவிடலாம். குளம் நிறைந்து மறுகால் பாய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வர வேண்டும். அது அவர்களுக்கு வகுப்பு நாள். எது முக்கியம் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள்.

செயலரும் முதல்வரும் முதலில் சென்றுவருவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தின் முதல் வெளிநாட்டுப் பயணம் அப்படித்தான் அமைந்தது. ஆறு பேர் சென்றோம், பொன்னாடை போர்த்தினோம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம், புகைப்படம் ஆண்டு மலரில் முழுப்பக்கம் வந்தது. ஆறு பேரில் வகுப்பெடுப்பவர் ஒருவர்கூட இல்லை. ஐந்தாண்டு கழித்து ஒப்பந்தம் காலாவதியானபோது அந்தக் கோப்பை எடுத்துப் பார்த்தேன்: அதன்கீழ் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. அந்தப் பயணக் கோப்பைத் தயாரித்தவன் நானே என்பதால், அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதற்குப் பின் இருபது மாணவர்களுக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியரை மட்டும் அனுப்பினோம். அவர் தொடங்கிய பாடம் நான் ஓய்வுபெறும்வரை நடந்துகொண்டிருந்தது. எனவே உங்கள் நிர்வாகத்திடம் மரியாதையோடு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எராஸ்மஸ் திட்டத்துக்கு நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தம் கட்டாயம், அதில் முதல்வரின் கையெழுத்து வேண்டும், ஆனால் அதற்கு அவர் நேரில் செல்ல வேண்டியதில்லை, கையெழுத்திட்ட நகலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். கல்லூரிக்கு ஒரு செலவும் இல்லை, முதல்வரின் கையெழுத்தோடுதான் எல்லாம் நடக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலான நிர்வாகங்கள் இசைந்துவிடும்.

கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்ற பேச்சை இப்போது எடுக்காதீர்கள். 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஒழுங்குமுறைகள் அவற்றுக்குத் தனித் தகுதிகளை வைத்திருக்கின்றன. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் குறைந்தது 3.01 இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் நூறுக்குள் வர வேண்டும், அல்லது மத்திய அரசு அறிவித்த சிறப்புயர் நிறுவனமாக இருக்க வேண்டும். நீங்கள் நடத்தப்போவது பட்டம் அல்ல, ஒரு பாடம். அந்த அளவிலேயே நின்றால் வேலை விரைவாக நடக்கும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பயணத்துக்கான தடையின்மைச் சான்று, பணியில் இருப்பதாகக் கருதும் ஆணை ஆகியவற்றுக்கு முறையான வழியில், முதல்வர் மூலமாக, ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கோடை விடுமுறையில்தானே போகிறோம் என்று இதை விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் செலவை ஏற்கும்போது, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அரசு ஊழியர்களை முன் அனுமதி பெறச் சொல்கிறது. உதவிபெறும் கல்லூரி ஆசிரியரான உங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைக் கல்லூரி அலுவலகம் கல்லூரிக் கல்வி இயக்ககத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை உங்கள் கோப்பில் வைக்கட்டும். திரும்பியபின் தணிக்கையில் கேள்வி வந்தால் வாய்மொழிப் பதில் செல்லாது.

எராஸ்மஸ் அமையவில்லை என்றால் வேறு வழி இல்லாமல் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2015இல் தொடங்கிய கியான் திட்டம் வெளிநாட்டு ஆசிரியரை இங்கே அழைத்துப் பாடம் நடத்த, பயணத்தையும் மதிப்பூதியத்தையும் சேர்த்துக் குறும்பாடத்துக்கு 8,000 டாலர் வரையும் நீண்ட பாடத்துக்கு 12,000 டாலர் வரையும் என வகுக்கப்பட்டது. அறிவிப்பு வரும்போது உங்கள் கல்லூரி தகுதி பெறுகிறதா என்று பாருங்கள். ஆனால் அது ஒருவழிப் பயணம், நீங்கள் அங்கே செல்ல உதவாது. அதே அமைச்சகத்தின் மற்றொரு திட்டமான, 2018இல் வந்த ஸ்பார்க் ஆய்வுக்கானது, தரவரிசையில் முன்னே இருப்பவர்களுக்கானது. அமெரிக்காவில் கற்பிக்க விரும்புவோருக்கு ஃபுல்பிரைட்–நேரு நல்கை உண்டு. உங்கள் கூட்டாளி நெதர்லாந்தில் இருக்கும்போது அதைத் தேடி ஓடுவதில் பொருளில்லை. நிதி இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கூட்டாளியை மாற்றிக்கொண்டே போகிறவர்களுக்குக் கடைசியில் கூட்டாளியே மிஞ்சுவதில்லை.

எல்லாம் சரியாக நடந்தாலும் நீங்கள் விமானம் ஏற ஒன்றரை ஆண்டாவது ஆகும்: பிப்ரவரியில் விண்ணப்பம், ஆண்டின் நடுவில் முடிவு, ஆகஸ்டுக்குப் பின் பணம், அதற்கு அடுத்த மே மாதம் பயணம். அந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். வரும் பருவத்திலேயே இணையவழியில் நான்கு வகுப்புகளைச் சேர்ந்து நடத்துங்கள். அவர்களுடைய குளிர்காலத்தில் நாம் நான்கரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். நமக்குப் பிற்பகல் இரண்டரை என்றால் அவர்களுக்குக் காலை பத்து. உங்கள் மாணவர்கள் ஒரு மடையைக் கைப்பேசியில் படமெடுத்து விளக்கட்டும்; அவர்கள் ஒரு மதகையோ நீரேற்று நிலையத்தையோ காட்டட்டும். செலவு ஒன்றும் இல்லை. நடந்த வகுப்புகளின் தேதியும் மாணவர் எண்ணிக்கையும் விண்ணப்பத்தில் இடம்பெற்றால், இது காகிதத்தில் மட்டும் உள்ள உறவு அல்ல என்று படிப்பவருக்கு விளங்கிவிடும்.

பயணம் உறுதியானதும், நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே நேரம் வாங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதத்தில் நீங்கள் வருவது எந்தத் திட்டத்தின்கீழ், எத்தனை மணி நேரம் கற்பிக்க, செலவு யாருடையது என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். திரும்பும்போது, வந்த தேதியும் சென்ற தேதியும் குறித்த வருகைச் சான்றில் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மீதித் தொகை அதைக் காட்டினால்தான் வரும். போர்டிங் பாஸ்களையும் எறிந்துவிடாதீர்கள்.

கடவுச்சீட்டை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முடிகிற கடவுச்சீட்டு உங்கள் பயண நாளில் கையில் இருந்தும் பயனில்லை.